மனைக்கேற்ற மின்விசிறி

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையைப் பயின்றோர், கூதிர்க்காலத்து நகரின் இல்லங்களை ஆசிரியர் நக்கீரர் நமக்குக் காட்டும் இடத்தை நினைவுகூர்வர். வேனிலில் ஓயாது வேலை செய்த வட்டமான விசிறிகள், குளிர் வந்தபின் வேண்டுவார் இன்றி முளைகளிலே தொங்குகின்றன. அவற்றைச் சிலந்தி தன் நூலாற் சுற்றியிருக்கின்றது. அக்காலத்து விசிறிக்கு ஆண்டிற் சில திங்களேனும் ஓய்வு இருந்தது போலும்! தாம்பரத்திலும், அதனை அடுத்த சேலையூர், சிட்லபாக்கம், பல்லாவரம், பெருங்களத்தூர் முதலிய ஊர்களிலும் வாழும் நம்முடைய விசிறிக்கோ ஓய்வென்பது இல்லை. சித்திரையில் வெப்பத்திற்காகச் சுழல்கின்றது. ஆடியிலும் ஆவணியிலும் புழுக்கத்திற்காகச் சுழல்கின்றது. மார்கழியிலோ, கழுத்துவரை போர்வையைப் போர்த்துக்கொண்டு, கொசுவுக்கு அஞ்சி அதனைச் சுழலவிடுகின்றோம். இங்ஙனம் பன்னிரு திங்களும் நம் தலைக்குமேல் நின்று உழைக்கும் ஒரு பொருளை வாங்குதற்கு நாம் செலவிடும் ஆராய்ச்சி எவ்வளவு? கடையிற் கால்மணி நேரமே. நிறத்தைப் பார்க்கின்றோம், விலையைக் கேட்கின்றோம், பொதியைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்புகின்றோம். அஃது எத்துணைக் காற்றைத் தரும் என்று கேட்பவர் அரியர். அங்ஙனம் கேளாது வாங்கி, அதன் பயனை நுகர்ந்த குடும்பத்துள் எங்கள் குடும்பமும் ஒன்று. ஆதலின் இதனை எழுதப் புகுந்தேன்.

சென்னையிற் குடிநீர்ப் பஞ்சம் நேர்ந்த 2019-ஆம் ஆண்டுக் கோடையில், எங்கள் இல்லத்து மேல்மாடியில் பாட்டியார் உறங்கும் அறைக்குப் புதியதொரு விசிறி வாங்க எண்ணினோம். பழைய விசிறி கருநிறமானது, இரைச்சல் இடுவது, உறவினர் வருங்கால் நாணத்தைத் தருவது. கடையொன்றில் ஐந்து இறக்கைகளும், மரத்தின் நிறமும், நடுவே விளக்கும் உடைய அழகியதொரு விசிறியைக் கண்டோம். விலை மிகுதியாதலின் அது நல்லதாகவே இருக்கும் என்று துணிந்தோம். அது மாட்டப்பட்டது, கண்டார் அனைவரும் புகழ்ந்தனர். சில நாட்களில் பாட்டியார் தம் பாயை எடுத்துக்கொண்டு, கம்பிக்கதவின் அருகே நடையிற் படுக்கலாயினர். "ஏன் பாட்டி?" என்று கேட்டதற்கு, "எனக்கு இதுதான் சௌகரியம், நீ போய்ப் படி" என்று விடையிறுத்தனர். மகன் ஆசையோடு வாங்கிவந்ததைக் குறைகூற அவர்க்கு மனம் இல்லை. காரணத்தை ஆராய எங்களுக்கு அறிவு இல்லை. அக்கினி நட்சத்திரத்தின் கடைசி நாட்களில் ஒருநாள் பிற்பகல், அவ்வறையிலேயே அவர் தலைசுற்றி வீழ்ந்தனர். உடலில் நீர் வற்றியதும் வெம்மையுமே காரணம் என்று மருத்துவர் கூறினர். நல்வாய்ப்பாக இரண்டு நாளில் நலம்பெற்றுத் திரும்பினர்.

அதன்பின்னரே, அறிந்த மின்பணியாளர் ஒருவர் பரணிற் கிடந்த அட்டைப்பெட்டியை எடுத்து, அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த எண்ணொன்றை எங்களுக்குக் காட்டினர். அவ்விசிறி ஒரு நிமிடத்தில் தள்ளும் காற்று 150 கனமீட்டர் என்று அதிற் கண்டிருந்தது. நாங்கள் கழற்றி எறிந்த கருநிற விசிறியின் காற்றோ 210 கனமீட்டருக்குக் குறையாது என்றார் அவர். உண்மை எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்தது. படித்துப் பார்ப்பார் இல்லை.

நிற்க. விசிறியின் தன்மையை உணர வேண்டுமாயின், அது செய்வது யாது, செய்யாதது யாது என்பதனை முதற்கண் அறிதல் வேண்டும். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. ஆளில்லா அறையில் விசிறியைச் சுழலவிட்டு, வெப்பமானியை வைத்துப் பார்த்தால், வெப்பம் இறங்கியிராது. மோட்டாரின் சூட்டினால் ஓரணுவளவு ஏறியுமிருக்கலாம். அது குளிர்விப்பது நம் உடலையே. நம் தோலின்மீது அரும்பும் வியர்வை ஆவியாகும்பொழுது உடலின் வெம்மையை உடன்கொண்டு செல்கின்றது. காற்று அசையாதிருப்பின், தோலை ஒட்டிய காற்று ஈரத்தால் நிறைந்து, மேலும் வியர்வையை ஏற்க மாட்டாததாகின்றது. கடலை அடுத்த நம் ஊர்களில் காற்றே ஈரமுடையது ஆதலின் இவ்விடர் பெரிது. விசிறி அவ்வீரக்காற்றை அகற்றி வேறு காற்றைக் கொணர்கின்றது, வியர்வை உலர்கின்றது, உடல் குளிர்கின்றது. இதனால் இரண்டு செய்திகள் பெறப்படும். ஒன்று: ஆளில்லா அறையிற் சுழலும் விசிறி வீண்செலவே. மற்றொன்று: உடலின்மீது படும் காற்றின் அளவே விசிறியின் பயனாம், இறக்கைகளின் எண்ணிக்கையும் நிறமும் அல்ல.

விசிறியின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 பாகையாதலின், காற்றின் வெப்பம் அதனை மிஞ்சும்பொழுது, விசிறி ஒருபால் வியர்வையை உலர்த்தினும் ஒருபால் வெங்காற்றையும் நம்மேல் வீசுகின்றது. வெப்பம் 40 பாகையைக் கடந்தபின் மின்விசிறியை நம்புதல் தகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் சென்னையில் வெப்பம் 45 பாகையை எட்டியது. அத்தகைய நாட்களில் முதியோரையும் குழந்தைகளையும் விசிறியின்கீழ் இருத்திவிட்டு அமைதியுறுதல் கூடாது. அடிக்கடி நீர் பருகுவித்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, வீட்டினுள் வெம்மை குறைந்த இடத்தில் அவர்களை இருத்துதல் வேண்டும். மேல்மாடி வீடுகளில் மற்றொரு தொல்லையும் உளது. பகல் முழுதும் வெயிலைப் பருகிய தளம் அவ்வெம்மையை இரவிலே உமிழ்கின்றது. விசிறியோ தளத்தை ஒட்டிய சூட்டுக்காற்றையே கீழே தள்ளுகின்றது. மொட்டைமாடிக்கு வெண்ணிறப் பூச்சு இடுதலும், மாலையிற் கடற்காற்று எழும்பொழுது பலகணிகளைத் திறந்துவைத்தலும் விசிறிக்குத் துணைசெய்யும்.

மின்விசிறியின் வரலாற்றையும் ஈண்டு ஒரு சிறிது கூறுதல் பொருந்தும். ஆங்கிலேயர் ஆட்சியில், நீதிமன்றங்களிலும் பெரிய மாளிகைகளிலும் 'பங்கா' என்னும் நீண்ட துணிவிசிறி உத்தரத்திலிருந்து தொங்கும். அதன் கயிறு சுவரின் துளைவழியே வெளியிற் செல்லும்; ஆங்கே ஓர் ஏழை வெயிலில் அமர்ந்து நாள்முழுதும் அதனை இழுப்பான். உள்ளிருப்பவர் குளிர்காய வெளியிருப்பவன் வியர்த்தான். 1880-களில் அமெரிக்க நாட்டில் பிலிப் டீல் என்பார், தையற்பொறிக்கென அமைந்த மின்மோட்டாரை உத்தரத்தில் மாட்டி, இறக்கைகளைப் பொருத்தி, கூரை விசிறியை ஆக்கினர். அம்மோட்டார் பங்கா இழுப்பவனுடைய கயிற்றை அவிழ்த்தது எனலாம்.

இனி, விசிறியைத் தெரியும் முறையைக் கூறுவேன். முதலாவது நோக்கத்தக்கது அதன் விட்டம். இறக்கைகள் சுழலும்பொழுது உண்டாகும் வட்டத்தின் குறுக்களவே விட்டம் எனப்படும். கடைகளிற் பெரும்பாலும் கிடைப்பவை 600, 900, 1200, 1400 மில்லிமீட்டர் அளவுடையன. இவற்றைப் பழையோர் முறையே 24, 36, 48, 56 அங்குலம் என்பர். பத்தடிக்குப் பத்தடி முதல் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி வரையுள்ள படுக்கையறைக்கு 1200 மில்லிமீட்டர் விசிறி ஏற்றது. எண்பது சதுர அடிக்கு உட்பட்ட சிற்றறைக்கு 900 போதும். சமையலறை மூலைக்கு 600. இருபதடி நீளமும் பத்தடி அகலமும் உடைய கூடத்திற்குப் பெரிய விசிறி ஒன்றினை நடுவே மாட்டுதலினும், 1200 அளவுடைய இரண்டினை இடம்விட்டு மாட்டுதலே நன்று. ஏனெனில் விசிறியின் காற்று அதன் நேர்கீழே மிகுந்து, விலகுந்தோறும் விரைவிற் குறையும். ஒன்றே உளதாயின் அதன் கீழிடத்திற்கு வீட்டினர் போட்டியிடுவர். இரண்டு உளவாயின், ஒருவரே இருக்கும்பொழுது ஒன்றினை நிறுத்தியும் வைக்கலாம்.

இரண்டாவது, தொங்கும் உயரம். விசிறி மேலிருந்து காற்றை இழுத்துக் கீழே தள்ளுகின்றது. ஆதலின் இறக்கைக்கும் தளத்திற்கும் இடையே குறைந்தது ஓரடி வெளி இருத்தல் வேண்டும். இல்லையேல் இழுத்தற்குக் காற்றின்றி வெறிதே சுழலும். தரையிலிருந்து இறக்கை எட்டடி முதல் ஒன்பதடி உயரத்தில் இருத்தல் நன்று. ஏழடிக்குக் கீழ் ஒருபொழுதும் தாழ்தல் ஆகாது. இக்காலத்து அடுக்குமாடி வீடுகளின் தளம் பெரும்பாலும் பத்தடி உயரமே உடையதாதலின், விசிறியோடு வரும் ஓரடிக் குழலே, மின்பணியாளர் 'ராடு' என்பது, போதுமானது. ஆயின் பழைய தாம்பரத்திலும் பல்லாவரத்திலும், மரவுத்தரத்தின்மேற் செங்கல்லையும் சுண்ணாம்பையும் பரப்பிக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் உள. அவற்றின் தளம் பன்னிரண்டு பதினான்கடி உயரம் உடையது. ஆங்கே ஓரடிக் குழலோடு மாட்டிய விசிறியின் காற்று கீழே வருமுன்னரே தளர்ந்துவிடும். நான்கடி ஐந்தடிக் குழலைத் தனியே வாங்குதல் வேண்டும். இரட்டைக் கட்டில்கள் உள்ள அறையிலும், பரணுக்கு ஏணி வைக்கும் இடத்திலும், கைந்நீட்டும் சிறுவர் உள்ள வீட்டிலும் மற்றையிடத்தினும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

புதிய வீடு கட்டுவோர்க்கு ஒருசொல்: கான்கிரீட் வார்க்கும் நாளிலேயே விசிறிக்கான கொக்கியையும் உள்ளே வைத்து வார்ப்பர். அன்று அது வைக்கப்பட்ட இடமே விசிறியின் நிலையான இடம். அறையின் நடுவைக் கயிறுபிடித்து அளந்து கொக்கி வைப்பதே வழக்கம். கட்டில் எங்கே இடப்படும் என்று எண்ணி வைப்பவர் சிலரே. பின்னர், விசிறி அலமாரிக்கு வீச, உறங்குபவர் வியர்க்கின்றனர்.

மூன்றாவதும் முதன்மையானதும் காற்றின் அளவு. ஒரு நிமிடத்தில் எத்தனை கனமீட்டர்க் காற்றை விசிறி தள்ளுகின்றது என்னும் எண் பெட்டியின்மீதும், ஒட்டப்பட்ட சீட்டின்மீதும் இருக்கும். 1200 மில்லிமீட்டர் விசிறிக்கு 210 என்பது இந்தியத் தரநிர்ணயத்தின் அடிப்படை அளவு. 220-க்கு மேற்பட்டது நன்று. வெம்மை மிகுந்த மேல்மாடி அறைக்கு 230 அளவினதைத் தேடுதல் தகும். இறக்கை மிகுந்தால் காற்று மிகும் என்பது பொதுமக்கள் கொண்ட மயக்கம். இறக்கையின் சாய்வும், அகலமும், சுழலும் விரைவும் ஒன்றுகூடியே காற்றைப் பிறப்பிக்கின்றன. நான்கைந்து இறக்கைகளை ஏற்ற விசிறி பெரும்பாலும் மெல்லச் சுழலும், ஓசை குறையும், காற்றும் அதற்கேற்பக் குறையலாம். நம் நாட்டின் வெம்மைக்கு, நிமிடத்திற்கு 330 முதல் 400 முறை சுழலும் மூன்று இறக்கை விசிறியே பெருவழக்காக நிலைத்தமை காரணம் அற்றதன்று.

நான்காவது, மின்செலவு. பழைய விசிறிகளில் உள்ளது இண்டக்ஷன் மோட்டார். அதன் சுருளிற் பாயும் மின்னோட்டம் சுழலும் பகுதியிலும் மின்னோட்டத்தைத் தூண்டி அதனைச் சுழற்றுகின்றது. இம்முறையில் ஆற்றலின் பெரும்பங்கு சூடாக வீணாகும்; சற்று நேரம் ஓடிய விசிறியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் இதனை அறிவர். அவை 70 முதல் 80 வாட் வரை கொள்வன. புதிய முறையாகிய பி.எல்.டி.சி. மோட்டாரிலோ, சுழலும் பகுதியில் நிலைகாந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. சிறியதொரு மின்னணுச் சுற்று, சுருள்களுக்கு முறைமுறையே மின்னோட்டத்தை மாற்றிக் கொடுத்து அக்காந்தங்களை இழுத்துச் செல்கின்றது. சூடு குறைவு, 28 முதல் 35 வாட் போதும். இவ்வகை விசிறியை இந்நாட்டிற் பரப்பினவருள் நம் தமிழ்நாட்டினர் முன்னிற்கின்றனர் என்பது மகிழ்தற்குரியது. கோயமுத்தூரிலுள்ள வெர்சா டிரைவ்ஸ் என்னும் நிறுவனம் 2012-ஆம் ஆண்டிலேயே 35 வாட்டிற் சுழலும் 'சூப்பர்ஃபேன்' என்பதனை வெளியிட்டது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 75 வாட் விசிறி நாளொன்றுக்குப் பதினைந்து மணிநேரம் சுழலுமாயின், இரு திங்களில் அது கொள்ளும் மின்சாரம் 67 யூனிட்டுக்கு மேலாகும். 30 வாட் விசிறி அதே காலத்திற் கொள்வது 27 யூனிட்டே. நான்கு விசிறிகள் உள்ள வீட்டில் இவ்வேறுபாடு 160 யூனிட்டைக் கடக்கும். நம் மாநிலத்தில் இரு திங்களுக்கு ஒருமுறை மின்கணக்கு எடுப்பதும், பயன்பாடு மிகமிக யூனிட்டின் விலையும் படிப்படியாய் உயர்வதும் யாவரும் அறிந்தவை. ஆதலின் குறையும் இந்த 160 யூனிட், கணக்கின் விலைமிகுந்த மேற்படியிலிருந்தே குறைகின்றது.

ஆயின் புதிதாக வாங்குவோர் மற்றொன்றும் எண்ணவேண்டும். 2023-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரச் சீட்டு கட்டாயமாயிற்று. காற்றின் அளவை வாட்டின் அளவால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைக்கொண்டு அந்நட்சத்திரம் வழங்கப்படும். 1200 மில்லிமீட்டர் விசிறிக்கு அந்த எண் 4 ஆயின் ஒரு நட்சத்திரம்; 6 ஆயின் ஐந்து நட்சத்திரம் என அன்று வகுத்தனர். 75 வாட்டிற் 210 கனமீட்டர் தரும் பழைய விசிறிக்கு அந்த எண் 3-ஐயும் எட்டாது. இதனால் அதன்பின் வந்த இண்டக்ஷன் விசிறிகளும் 50 வாட்டை ஒட்டி இறங்கின. ஆதலின் ஒரு நட்சத்திரப் புதுவிசிறிக்கும் ஐந்து நட்சத்திர விசிறிக்கும் உள்ள வேறுபாடு 22 வாட் அளவே என்று கொள்க. நாள்தோறும் பதினைந்து மணிநேரம் சுழலும் அறையில் ஓராண்டில் மிச்சமாவது 120 யூனிட்; யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்ளின் 600 ரூபாய். விலையில் 1200 ரூபாய் மிகுதியாகக் கொடுத்திருப்பின் அஃது ஈராண்டில் மீளும். விருந்தினர் வந்தாலன்றித் திறவாத, நாளொன்றுக்கு இரண்டு மணிநேரமே சுழலும் அறையிலோ, அத்தொகை மீளப் பதினைந்து ஆண்டு செல்லும். எனவே எல்லா அறைக்கும் ஒரே விசிறி என்னும் விதி வேண்டா. எவ்வறையில் மிக்க நேரம் வாழ்கின்றோமோ அவ்வறைக்கே விலைமிக்கது உரியது.

இவ்விடத்துப் பலர் வழுவும் ஒன்றினை வற்புறுத்திக் கூற விரும்புகின்றேன். நட்சத்திரம் காட்டுவது சிக்கனத்தையே. காற்றின் மிகுதியை அன்று. 28 வாட்டில் 210 கனமீட்டர் தரும் விசிறிக்கும் ஐந்து நட்சத்திரம். 35 வாட்டில் 240 தரும் விசிறிக்கும் ஐந்து நட்சத்திரம். முன்னது நடுமாடியில் நிழலுள்ள அறைக்குப் போதும். மொட்டைமாடியின் கீழ் உறங்கும் முதியவர்க்குப் பின்னதே வேண்டும். முதலிற் காற்றைப் பார்த்து, அதன்பின் நட்சத்திரத்தைப் பார்த்தலே முறை.

ஐந்தாவது, மின்தடையும் மின்னழுத்தமும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் ஆழ்ந்ததனையும், 2016 டிசம்பர் 12-இல் வந்த வார்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்து நகரை இருளில் ஆழ்த்தியதனையும் நம் பகுதியினர் மறவார். அந்நாட்களில் இன்வெர்ட்டர் எத்துணை நேரம் தாங்கும் என்பதே வீட்டின் கேள்வி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில், இழப்பெல்லாம் நீங்க, ஏறத்தாழ 1000 வாட்-மணி ஆற்றலைப் பெறலாம் என்று கொள்வோம். 75 வாட் விசிறிகள் இரண்டு ஆறரை மணியளவில் அதனைத் தீர்த்துவிடும். நள்ளிரவிற்குப்பின் கொசுவே அரசாளும். 30 வாட் விசிறிகள் இரண்டாயின் பதினாறு மணிநேரம் செல்லும். கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டில் இவ்வேறுபாடு பணத்தால் அளத்தற்கு உரியதன்று. மேலும், கோடை மாலைகளில் மின்னழுத்தம் தாழும்பொழுது இண்டக்ஷன் விசிறி சோர்ந்து சுழலும், பி.எல்.டி.சி. விசிறி வேகம் குன்றாது.

நடுநிலை பிறழாது குறைகளையும் கூறுதல் வேண்டும். பி.எல்.டி.சி. விசிறியின் உயிர் அதன் மின்னணுப் பலகையில் உள்ளது. இடியும் மின்னலும் வரும்பொழுது அது பழுதுறுவதுண்டு. பழுதுற்றால் தெருமுனையில் சுருள் கட்டும் கடைக்காரர் அதனைச் சீர்செய்ய இயலாது. செய்த நிறுவனத்தையே நாடவேண்டும். ஆதலின் உறுதிமொழிக் காலம் எத்தனை ஆண்டு, பணிமனை அருகில் உண்டா என்று முன்னரே கேட்டல் வேண்டும். இதனைப் பழைய ரெகுலேட்டரோடு இணைத்தலும் கூடாது. அதனை நீக்கிவிட்டு நேரே சுவிட்சோடு இணைத்தல் வேண்டும். வேகத்தை மாற்றக் கையில் ஏந்தும் ரிமோட் ஒன்று தரப்படும். அஃது இளைஞர்க்கு எளிது. கண்பார்வை குன்றிய முதியவர்க்கோ, இருளில் அதனைத் தேடுதல் ஒரு வேதனை. அவர்க்குச் சுவரிலேயே திருகும் வசதியுள்ள வகையை வாங்குதல் நலம்.

வேகத்தைக் குறைப்பதன் பயனையும் அறிக. விசிறியின் வேகம் பாதியானாற் காற்றும் பாதியாகும்; காற்றைத் தள்ளுதற்கு வேண்டும் ஆற்றலோ எட்டில் ஒருபங்காகும். பழைய பெரிய ரெகுலேட்டர் பெட்டிகள் மிஞ்சிய ஆற்றலைச் சூடாக்கி எரித்தமையால் அச்சிக்கனம் நமக்குக் கிட்டவில்லை. மின்னணு முறையிற் கிட்டுகின்றது. மார்கழியிற் கொசுவை ஓட்ட மட்டும் மெல்லச் சுழலும் பி.எல்.டி.சி. விசிறி சில வாட்டே கொள்ளும்.

கடற்கரையை அடுத்த திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை முதலிய ஊரினர் உப்புக்காற்றையும் கருதவேண்டும். இரும்புத்தகட்டு இறக்கை அங்கே விரைவில் துருவேறும். அலுமினியமோ உறுதியான பிளாஸ்டிக்கோ சிறந்தது. பெருஞ்சாலையை அடுத்து வாழ்வோர்க்குத் துருவினும் தூசியே பகை. இறக்கையின் முன்விளிம்பிற் படியும் தூசி காற்றைக் குறைத்து, சமநிலையையும் கெடுக்கும்; திங்கள்தோறும் ஈரத்துணியால் துடைத்தல் தகும். மூன்று இறக்கைகளும் எடை ஒத்துத் தொகுத்தவை. வேறு விசிறியின் இறக்கையைக் கலந்து மாட்டினால் விசிறி ஆடும். நாளடைவில் வேகம் குன்றுமாயின், உடனே புதியது வாங்க ஓடற்க. பெரும்பாலும் கண்டென்சர் என்னும் சிறுபொருளே தளர்ந்திருக்கும். சிறுதொகையில் அதனை மாற்றினால் விசிறி முன்போற் சுழலும்.

இறுதியாகப் பாதுகாப்பு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத விசிறியை வாங்கற்க. கூரை விசிறிகளுக்கு இம்முத்திரையைக் கட்டாயமாக்கி மைய அரசு 2023-இல் ஆணை பிறப்பித்தது. மாட்டும்பொழுது, குழலின் இருபுறமும் உள்ள போல்ட்டுகளில் பிளவூசிகள் செருகி விரிக்கப்பட்டனவா, கொக்கியிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்துளதா, காப்புக்கம்பி கட்டப்பட்டதா என்று கண்ணாற் கண்டபின்னரே பணியாளரை அனுப்புக.

நம் கல்லூரி 1937-ஆம் ஆண்டு நகரின் நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்திற்கு வந்தது. அக்காலத்தில் நட்டும் காத்தும் வளர்த்த மரங்களின் நிழலில் நாம் இன்று நடக்கின்றோம். நிழலைத் தந்தவர் அதனை நுகரப்போகிறவரை எண்ணித் தந்தனர். ஒரு விசிறியை வாங்குவதும் சிறிய அளவில் அத்தகையதே. கடையில் நின்று அதனைத் தெரிபவர் ஒருவர். அதன்கீழ் இரவெல்லாம் கிடப்பவர் மற்றொருவர். தமக்கு வேண்டுவதை வாய்திறந்து கேட்பவர்க்கு நாம் பார்த்து வாங்குகின்றோம். கேளாதவர்க்கே பெரும்பாலும் தவறிவிடுகின்றோம்.

எங்கள் இல்லத்தில், அந்தக் கோடையிலேயே கருநிற விசிறியைப் பரணிலிருந்து இறக்கி, கண்டென்சரை மாற்றி, மீண்டும் பாட்டியார் அறையில் மாட்டினோம். அன்றிரவு அவர் தம் பாயை உள்ளே கொண்டுசென்றனர். காலையில் நெடுநேரம் எழவில்லை. அஞ்சி எட்டிப் பார்த்தேன், நன்கு உறங்கிக்கொண்டிருந்தனர்.